படகு எஞ்சினும் மயிரிழை இடைவெளியும்

எஞ்சின் என்றதும் நம் வீடுகளில் நினைவுக்கு வருவது மோட்டார் சைக்கிளும், பால் ஏற்றிச் செல்லும் லோரியுந்தான். இன்று நாம் கடலில் விரையும் விசைப்படகின் எஞ்சினைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். பட்டறையில் வேலை பழகும் பிள்ளைகள் இதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். சாலையில் நின்றுபோன வண்டியை ஓரமாகத் தள்ளி வைத்துவிடலாம். நடுக்கடலில் எஞ்சின் இறுகி நின்றால், படகில் இருப்போரின் உயிருக்கே ஆபத்து.

எடுத்துக்காட்டாக ஓர் எஞ்சினைப் பார்ப்போம். அமெரிக்காவின் செவர்லே நிறுவனம் 1970-ஆம் ஆண்டில் 454 என்ற எட்டு சிலிண்டர் எஞ்சினை வெளியிட்டது. கார்களுக்கும் லோரிகளுக்கும் பயன்பட்ட இந்த எஞ்சினைப் பின்னர் படகுகளிலும் ஏராளமாகப் பொருத்தினார்கள். இதன் கொள்ளளவு 454 கன அங்குலம். அதாவது ஏறத்தாழ 7.4 லிட்டர். ஒவ்வொரு சிலிண்டரின் குறுக்களவும் 4.25 அங்குலம், அதாவது 108 மில்லிமீட்டர். இந்த எஞ்சினைக் கூடுதல் விசைக்காகத் திருத்திக் கட்டுபவர் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். பிஸ்டனுக்கு எவ்வளவு இடைவெளி விடுவது? எந்தக் கேம்ஷாஃப்ட்டைப் பொருத்துவது?

கார் மேட்டில் ஏறும்போது திணறும், இறக்கத்தில் இளைப்பாறும். படகுக்கு இறக்கம் கிடையாது. ஓடும் நேரமெல்லாம் அது நீரைத் தள்ளியாக வேண்டும். படகின் விசிறி இரு மடங்கு வேகத்தில் சுழல, ஏறத்தாழ எட்டு மடங்கு விசை வேண்டும். இந்தப் பாரத்தை எஞ்சின் மணிக்கணக்காகத் தாங்க வேண்டியிருக்கிறது. இதனால் பிஸ்டன் கடுமையாகச் சூடேறுகிறது.

சூடேறிய உலோகம் விரியும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைக் காய்ச்சி மாட்டுவதைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். சூட்டில் விரிந்த பட்டை, ஆறியதும் சக்கரத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. சிலிண்டர் வார்ப்பிரும்பால் ஆனது. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும்.

கடல்நீரையே உள்ளே சுற்றவிடும் எஞ்சின்களில் உப்புப் படியாதிருக்க, நீரின் சூட்டைச் சுமார் 60 டிகிரி செல்சியஸில் வைத்திருப்பார்கள். காரில் இது 90 டிகிரியை ஒட்டியிருக்கும். ஆகவே படகில் பிஸ்டன் கொதிக்க, சிலிண்டரோ குளிர்ந்தே நிற்கிறது. இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். பிஸ்டனின் பக்கச் சுவர் 90 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறத்தாழ 0.21 மில்லிமீட்டர் விரியும். சிலிண்டர் 40 டிகிரி கூடினால் 0.05 மில்லிமீட்டர்தான் அகலும். மிஞ்சிய 0.16 மில்லிமீட்டர், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு, முன்கூட்டியே விடப்பட்டிருக்க வேண்டும். விடாவிட்டால் எண்ணெய்ப் படலம் அறுந்து, பிஸ்டன் சுவரை உராய்ந்து இறுகிவிடும்.

அடித்து உருவாக்கிய பிஸ்டன்களில் இரு வகைக் கலவைகள் பெயர் பெற்றவை. 4032 என்ற கலவையில் சுமார் 12 விழுக்காடு சிலிக்கான் உண்டு. அது குறைவாக விரியும். இடைவெளியும் குறைவாக இருக்கலாம். 2618 என்ற கலவையில் சிலிக்கான் மிகக் குறைவு. அது கூடுதலாக விரியும். ஆனால் அதிர்ச்சியைத் தாங்கும். இவ்வளவு பெரிய சிலிண்டரில் 2618 பிஸ்டனைப் போடும் படகு வேலைக்காரர்கள் 0.007 அங்குலத்தை ஒட்டி இடைவெளி விடுவதுண்டு. எனினும் பிஸ்டன் செய்தவர் தரும் தாளில் உள்ள அளவே முடிவானது. அளவு மிஞ்சினாலும் கேடுதான். பிஸ்டன் தட்டும், வளையங்கள் சாயும், எண்ணெய் எரியும்.

இனி கேம்ஷாஃப்ட்டுக்கு வருவோம். வால்வுகளைத் திறந்து மூடச் செய்யும் தண்டு இது. இதிலுள்ள மேடுகளின் வடிவமே வால்வு எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்பதைத் தீர்மானிக்கும். பந்தயக் கார்களில் வெளிவிடும் வால்வு மூடுமுன்பே உள்ளிழுக்கும் வால்வு நெடுநேரம் திறந்திருக்கும். அதிவேகத்தில் இது நன்மை தரும். படகில் இதுவே வினையாகும். படகின் புகைக்குழாயைக் குளிர்விக்க அதனுள் நீர் பாய்ச்சப்படுகிறது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது இரு வால்வுகளும் சேர்ந்து திறந்திருந்தால், புகை பின்னோக்கி இழுக்கப்படும். அதோடு நீரும் சிலிண்டருக்குள் வரும். வால்வு துருப்பிடிக்கும். நீர் மிகுந்தால் அதை அமுக்க முடியாமல் தண்டு வளைந்தே போகும்.

எனவே உள்மேட்டுக்கும் வெளிமேட்டுக்கும் இடைப்பட்ட கோணம் 112 முதல் 114 டிகிரி வரை அகன்ற கேம்ஷாஃப்ட்டே இத்தகைய படகுக்கு ஏற்றது. சில குதிரைசக்தி குறைந்தாலும் எஞ்சின் மெதுவோட்டத்தில் சீராக நிற்கும். கியர் மாற்றும்போது அடிபடாது.

இன்னும் ஒரு சோதனை உண்டு. உயரம் மிகுந்த மேடுகள் வால்வைப் பிஸ்டன்வரை இறக்கிவிடும். பிஸ்டனின் தலையில் மென்களிமண்ணை ஒட்டி, எஞ்சினைக் கையால் இரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். பிறகு களிமண்ணை அறுத்து, மிக மெலிந்த இடத்தை அளக்க வேண்டும். உள்வால்வுக்கு 0.080 அங்குலமும், மிகச் சூடேறும் வெளிவால்வுக்கு 0.100 அங்குலமும் குறைந்தபட்சமாக இருப்பது வழக்கம்.

நேயர்களே, இத்தனையிலும் நாம் காண்பது ஒன்றே. எஞ்சினின் ஆயுளைக் காப்பது அளவுகோலும் பொறுமையும்தான். கண்ணால் பார்த்துச் 'சரியாக இருக்கும்' என்று மூடிவிடும் பழக்கம் ஆகாது. மைக்ரோமீட்டரால் அளந்து, அளந்ததை எழுதி வைத்து, மறுபடியும் அளக்கும் பிள்ளையின் கை எந்தப் பட்டறையிலும் மதிக்கப்படும். அந்தப் பழக்கத்தைப் பெற்றோர் வீட்டிலிருந்தே ஊக்குவிப்பார்களாக.