தவணைக் கைப்பேசிகளில் பூட்டும் இருப்பிடக் கண்காணிப்பும்

தவணையில் விற்கப்படும் கைப்பேசிகளில், கடன் கொடுத்த நிறுவனம் தொலைவிலிருந்தே கருவியைப் பூட்டவும், சில செயலிகளில் அது இருக்கும் இடத்தை அறியவும் வழி உண்டு. இச்செயலி கடையிலேயே, பெட்டியைப் பிரித்தவுடன், கருவியின் மேலாண்மை உரிமையுடன் நிறுவப்படுகிறது. ஆகவே மற்றச் செயலிகளைப் போல இதனை எளிதில் நீக்க இயலாது. தவணை தவறினால் முதலில் நினைவூட்டல் வரும். பிறகு திரை முடங்கும்.

மீனவ ஊர்களில்

திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள தோணிரேவு போன்ற ஊர்களில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் மீன்வரத்து குறையும். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் தோணி கரையில்தான். தவணைத் தேதி மட்டும் மாறுவதில்லை. வானிலை அறிவிப்பு, வியாபாரி சொல்லும் விலை, மீன் விற்ற பணம் என எல்லாமே இன்று கைப்பேசி வழியாக வருபவை. பூட்டிய கைப்பேசியில் அவசர அழைப்பை மட்டும் பெரும்பாலும் விட்டுவைப்பார்கள். ஆனால் ஆபத்து வருமுன் தெரியவேண்டிய செய்தி அதில் வராது.

அமெரிக்க வழக்குகள்

வாடகைக்கு எடுத்து, தவணை முடிந்ததும் சொந்தமாக்கிக்கொள்ளும் கணினிகளில் டிசைனர்வேர் என்னும் நிறுவனத்தின் மென்பொருள் நிறுவப்பட்டிருந்தது. அது இருப்பிடத்தை அறிந்ததோடு நிற்கவில்லை. தட்டச்சு செய்தவற்றைப் பதிந்தது, வீட்டிலிருந்தவர்களைக் கணினியின் ஒளிப்படக் கருவியால் படம் எடுத்தது. போலியான பதிவுப் படிவத்தைக் காட்டி முகவரியையும் வாங்கியது. 2012-இல் அந்நிறுவனத்துடனும் ஏழு வாடகை நிறுவனங்களுடனும், 2013-இல் ஆரன்ஸ் நிறுவனத்துடனும் கூட்டரசு வணிக ஆணையம் உடன்பாடு கண்டு, இத்தகைய உளவைத் தடைசெய்தது. வாடிக்கையாளரின் வெளிப்படையான ஒப்புதலின்றி இருப்பிடத்தைக் கண்காணிக்கக் கூடாது என்பதும் அதில் அடங்கும்.

பொருள் யாருடையது?

வாடகைக் கொள்முதலில் கடைசித் தவணை வரை பொருள் விற்பவருடையது. இந்தியாவில் இதற்கென 1972-இல் இயற்றப்பட்ட சட்டம் நடைமுறைக்கே வராமல் 2005-இல் நீக்கப்பட்டது. இன்று கடைகளில் கிடைக்கும் மாதத் தவணை பெரும்பாலும் கடனே. அதில் கைப்பேசி முதல் நாளிலேயே வாங்கியவர் பெயரில் பில் போடப்படுகிறது. நிறுவனத்துக்கு வரவேண்டியது பணம். அப்படியானால் அடுத்தவர் பொருளுக்குப் பூட்டுப் போடும் உரிமை எங்கிருந்து வந்தது? கடை மேசையில், படிக்காமல் இட்ட கையொப்பத்திலிருந்துதான்.

இந்திய விதிகள்

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. எண்ணிமக் கடன் செயலிகள் தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவு, கோப்புகள் ஆகியவற்றைத் தொடக்கூடாது என ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் நெறிமுறை வெளியிட்டது. இருப்பிடத்தை, அடையாளச் சரிபார்ப்புக்காக, ஒப்புதலுடன் ஒருமுறை மட்டும் பெறலாம். கைப்பேசிகளைப் பூட்டுவதை நிறுத்துமாறு 2024-இல் அவ்வங்கி கடன் நிறுவனங்களிடம் கூறியதாகவும், நிபந்தனைகளுடன் அதை அனுமதிக்க ஆலோசிப்பதாகவும் 2025 செப்டம்பரில் செய்திகள் வந்தன.

கடன் விவரங்களைச் சுருக்கமாகக் கூறும் முக்கிய விவர அறிக்கையைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தரவேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கி விதியே. தமிழில் கேட்கலாம், பூட்டுச் செயலி உண்டா, அது இருப்பிடத்தைப் பார்க்குமா என்பதையும் எழுத்தில் கேட்கலாம். புகாரை முதலில் நிறுவனத்திடம் தரவேண்டும். 30 நாட்களில் தீர்வு இல்லையெனில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை நாடலாம். விவரம் கேட்க 14448. கடைசித் தவணை கட்டியதும் நிலுவையில்லாச் சான்று வாங்கி, செயலி நீக்கப்பட்டதா என்று கைப்பேசி அமைப்புகளில் பார்த்துக்கொள்ள வேண்டும்.