குளிருக்கு முன் புகைக்கூண்டு

திகனவில் வாழும் ஒருவன் கணப்பைப் பற்றிப் பேச வந்தால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வருவது இயல்பே. கண்டி நகரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. மகியங்கனை வீதியில் அதற்குக் கிழக்கே அமைந்த திகன அதனினும் சற்றுத் தாழ்ந்த இடம். விக்டோரியா நீர்த்தேக்கத்திலிருந்து எழும் மூடுபனியைத் தவிர மார்கழி இங்கே பெரிய தொல்லை ஒன்றும் தருவதில்லை. ஒரு கம்பளி இருந்தால் இரவு கழிந்துவிடும்.

ஆனால் அதே வீதியில் தெல்தெனியாவைக் கடந்து உன்னஸ்கிரியப் பக்கமாக மேலே ஏறிப் பாருங்கள். ஆயிரம் மீற்றர் உயரத்துக்கு ஏறத்தாழ ஆறரைப் பாகை செல்சியஸ் வீதம் வெப்பம் குறைந்துகொண்டே போகும். தும்பறை மலைத்தொடரின் சிகரங்கள் 1,900 மீற்றர் வரை உயர்ந்தவை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. தை, மாசி மாதங்களில் மேகமற்ற சில இரவுகளில் அங்கே புல்லின் மேல் உறைபனி படிந்து, விடிந்ததும் தேயிலைக் கொழுந்து கருகிக் கிடக்கும். அத்தகைய இரவுகளில் மனிதர் தீயை நாடுவர். அந்தத் தீயை எவ்வாறு மூட்டுவது என்று அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அதன் மூச்சு எவ்வழியாக வெளியேறுகிறது என்பதையே நாம் மறந்துவிடுகிறோம்.

நான் பிறந்தது மலை மேல் ஒரு தோட்டத்து லயத்தில். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, புகைக்கூண்டு கிடையாது. அடுப்புப் புகை கூரைத் தகரத்தை மினுமினுக்கும் கறுப்பாக்கிவிட்டு, கதவு வழியே தன் விருப்பம்போல் வெளியேறும். எனக்குப் பதினோரு வயதிருக்கும்போது, ஒரு தை மாதத்து இரவில், புகை கண்ணைக் கரிக்கிறதென்று அப்பாயி அடுப்பை அவித்துவிட்டு, நன்றாகக் கனிந்த கரித்தணலைச் சட்டியில் வாரிக் காம்பராவின் நடுவில் வைத்தார். கதவிடுக்கில் சாக்கைத் திணித்தோம். புகை சிறிதும் இல்லை; இதமான சூடு. நள்ளிரவில் நான் வாந்தியெடுத்துக்கொண்டு எழுந்தேன். தலை பிளந்துவிடும் போன்ற வலி. தம்பியை உலுக்கினால் அவன் முனகினானேயன்றிக் கண் திறக்கவில்லை. வயிற்றுக் கடுப்புக்காக வெளியே போகக் கதவைத் திறந்த என் தந்தையின் தயவால் நாங்கள் பிழைத்தோம். அப்பாயி அதைக் கண்ணூறு என்றே இறுதிவரை நம்பினார்.

அது கண்ணூறன்று, காபனோரொட்சைட்டு என்னும் வாயு. விறகோ கரியோ போதிய காற்றின்றி எரியும்போது அது உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் குருதியிலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைச் சுமந்து உடலெங்கும் கொண்டுசெல்வது. ஆனால் காபனோரொட்சைட்டை அது ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் பிடித்துக்கொள்கிறது. ஆகவே மிகச் சிறிதளவு வாயுவே போதும். மனிதன் மூச்சு விட்டுக்கொண்டே மூச்சின்றி மாள்வான். பச்சை விறகின் புகை நம்மை இருமச் செய்து வெளியே விரட்டுகிறது. கனிந்த தணல் அந்த எச்சரிக்கையைத் தருவதில்லை. புகையில்லாத நெருப்பே கேடற்றது என்ற நம்பிக்கை நம் மக்களிடம் வேரூன்றியிருப்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன்.

இது ஏழையின் காம்பராவுக்கு மட்டும் நேரும் கேடன்று. பிரெஞ்சு நாவலாசிரியர் எமில் சோலா 1902 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாத இறுதியில் தம் நாட்டுப்புற வீட்டிலிருந்து பாரிசு நகருக்குத் திரும்பினார். குளிர் தொடங்கியிருந்தது. படுக்கையறையில் கணப்பு மூட்டப்பட்டது, சாளரங்கள் சாத்தப்பட்டன. புகைக்கூண்டு அடைபட்டிருந்ததை எவரும் அறியவில்லை. இரவில் கணவனும் மனைவியும் தலைவலியோடு விழித்தபோது, உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்றே கருதினர். மறுநாட் காலையில் மனைவி குற்றுயிராகக் காணப்பட்டார், சோலா இறந்துவிட்டார். பகைவர் எவரோ வேண்டுமென்றே அதனை அடைத்தனர் என்ற ஐயம் பிற்காலத்தில் எழுந்தது. அது எவ்வாறாயினும், கோடை முழுவதும் தீ காணாதிருந்த புகைக்கூண்டில் முதற்குளிரன்று தீ மூட்டினார்கள் என்பதில் ஐயமில்லை.

புகைக்கூண்டு வேலை செய்யும் முறையை அறியத் திகனவாசிகள் தொலைவு செல்ல வேண்டியதில்லை. இங்கு தொலமைற்றுக் கல்லை வெட்டிச் சுண்ணாம்புச் சூளைகளில் சுடுவது நெடுநாளைய தொழில். கீழே காற்று நுழையும் கண்களை அடைத்தால் சூளை அவிந்துவிடும் என்பது அங்கு வேலை செய்வோர் எல்லோரும் அறிந்ததே. சூடான காற்று இலேசானது. அது மேலேறும்போது கீழிருந்து குளிர்ந்த காற்றை இழுக்கிறது. கூண்டு எவ்வளவு உயரமோ, உள்ளும் புறமும் வெப்பம் எவ்வளவு வேறுபடுகிறதோ, அவ்வளவுக்கு இழுவை மிகும். இந்த உண்மையை வைத்தே றம்போர்ட் பிரபு எனப் பெயர் பெற்ற பெஞ்சமின் தொம்சன் 1796 இல் கணப்படுப்பைத் திருத்தினார். அடுப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்து, புகை புகும் கழுத்தை ஒடுக்கினார். வெப்பம் அறைக்குள் வந்தது, புகை தங்காமல் மேலே போனது.

நம் மலைநாட்டுப் பழைய பங்களாக்களில் கணப்படுப்புகள் இன்றும் உள்ளன. அவற்றில் பல ஆண்டில் பத்து மாதம் உறங்குவன. உறங்கும் கூண்டில் பறவை கூடு கட்டும், மழைநீர் இறங்கும், காரை உதிரும். ஆகையால் புரட்டாதி முடிவதற்குள் அதனைப் பார்வையிட வேண்டும். தணல் முற்றும் ஆறிய அடுப்பின் வாயைச் சாக்கினால் மூடிவிட்டு, மேலிருந்து கயிற்றில் கல்லைக் கட்டி அதன் மேல் தென்னந்துடைப்பங்களைப் பிணைத்து இறக்கி ஏற்றினால் கரி உதிரும். அக்கரியோடு பளபளக்கும் தார் போன்ற படிவும் விழுமானால், அது ஈர விறகின் வேலை. அப்படிவு ஒரு நாள் கூண்டுக்குள்ளேயே தீப்பிடிக்கக்கூடும். கூரை மரம் அருகில் சென்றால் வீடே போகும். சுவரில் வெடிப்பு உண்டா என்பதையும் விளக்கொன்றைப் பிடித்துப் பார்க்க வேண்டும். பின்னர் பழைய செய்தித்தாள் ஒன்றைச் சுருட்டிக் கொளுத்திக் கூண்டின் கழுத்தருகே பிடியுங்கள். புகை விரைந்து மேலேறினால் வழி திறந்திருக்கிறது. முகத்தை நோக்கி வந்தால் தீ மூட்டாதீர்கள். கூண்டிலுள்ள குளிர்ந்த காற்றுத் தூண் சூடேறாமையாலும் இவ்வாறு நிகழும். இரண்டாம் தாளைக் கொளுத்தியும் புகை இறங்கினால் எங்கோ அடைப்பிருக்கிறது. கழுத்திலுள்ள இரும்புத் தட்டைத் தணல் முற்றும் அவிவதற்கு முன் மூடுதல் கூடாது. சூடு வீணாகிறதே என்று மூடுபவர் சிக்கனம் செய்வதாக எண்ணுகிறார்.

விறகைப் பற்றி ஒரு சொல். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீரே. தும்பறை மலையின் கீழைச் சரிவுகளில் மார்கழியில் வடகீழ்ப் பருவமழை கொட்டும். அப்போது விறகு தேடினால் ஈர விறகே கிடைக்கும். கவ்வாத்து மிலாறோ யூக்கலிப்டஸ் கட்டையோ, வெயில் இருக்கும்போதே பிளந்து, கூரைக்கடியில் காற்றோட்டமாக அடுக்கி வைப்பவரே கெட்டிக்காரர்.

கூண்டில்லாத லயத்து வீட்டுக்கு இவ்வுபதேசமெல்லாம் எதற்கென்று கேட்கலாம். மெய்தான், அடுப்பின் மேல் தகரக் கவிப்பும் குழாயும் வைத்துக் கொடுப்பது வீட்டுச் சொந்தக்காரரின் கடமை, குடியிருப்பவரின் குற்றமன்று. உலகில் வீட்டடுப்பின் புகையினால் 2020 ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் மாண்டனர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. 1980களில் நம் நாட்டில் பரப்பப்பட்ட அனகி மண்ணடுப்பு விறகைக் குறைக்கிறது. புகைக்குரிய வழியை அது தானே தருவதில்லை. ஆதலால் அடுப்புக்கு எதிரே ஒரு சாளரமும், கூரையோரத்தில் கையளவு இடைவெளியும் திறந்தே இருக்க வேண்டும். தணற்சட்டி மாலையில் கதவு திறந்திருக்கும்போது கைகால் காய்ச்சுவதற்கு மட்டும். படுக்கும்போது அது முற்றத்துக்குப் போய்விட வேண்டும். கால் விறைக்கிறதென்றால் அடுப்பில் சூடாக்கிய செங்கல்லைத் துணியில் சுற்றிப் பாயடியில் வைப்பது பழைய வழக்கம்; வெந்நீர்ப் பையும் நன்று.

வீட்டிலுள்ள பலருக்கு ஒரே வேளையில் தலைவலியும் மயக்கமும் குமட்டலும் கண்டால், தேசிக்காய்ச் சாறு பிழிய நிற்காதீர்கள். எல்லோரையும் வெளியே கொணர்ந்து கதவுகளைத் திறந்துவிட்டு, வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். தணற்சட்டி வைத்திருந்ததை வைத்தியரிடம் சொல்லுங்கள். குருதியில் ஏறிய வாயுவின் பாதி, வெறுங்காற்றில் நீங்க நான்கைந்து மணி நேரம் ஆகும். தூய ஒட்சிசன் கொடுத்தால் ஒன்றரை மணிக்குள் நீங்கும். அன்றிரவு என் தம்பியை வாசலில் கிடத்தி, அவன் விழிக்கும் வரை தந்தை விடியுமட்டும் விசிறிக்கொண்டிருந்தார். வேறு வழி எங்களுக்குத் தெரியாது. வைத்தியசாலையோ பல கட்டைக்கப்பால் இருந்தது.