அடிவயிற்றில் அடிபட்டால்: சினைப்பைக் காயம் பற்றித் தம்பதியர் அறிய வேண்டியவை

செம்பரம்பாக்கம் வழியே போகும் பெங்களூர் நெடுஞ்சாலையில், வண்டியின் பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து, மடியில் குழந்தையோடு போகும் தாய்மாரைத் தினமும் பார்க்கிறோம். விழுந்தால் முழங்கைச் சிராய்ப்புக்கு மருந்து போடுகிறோம். அடிவயிற்றில் பட்டதை மட்டும் "ஒண்ணுமில்லே, லேசாத்தான் வலிக்குது" என்று மறைத்துவிடுகிறார்கள்.

சினைப்பை பலாக்கொட்டை அளவுதான். சுமார் 3 செ.மீ. நீளம். கருப்பைக்கு இருபுறமும் ஒவ்வொன்று. இடுப்பெலும்புக் கூட்டுக்குள் ஆழத்தில் இருப்பதால் சாதாரண அடி அதை எட்டாது. இடுப்பெலும்பு முறியும் அளவுக்கு விபத்து நடந்தாலோ, கூரிய பொருள் குத்தினாலோ காயமாகலாம். சினைப்பையில் முன்பே பெரிய நீர்க்கட்டி இருந்தால் சிறிய அடிகூடப் போதும், கட்டி உடைந்துவிடும். (ஸ்கேனில் பொடிப்பொடியாக நீர்க்கட்டி இருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள் பயப்பட வேண்டாம். அது வேறு சங்கதி.)

வெளியில் சொல்லக் கூச்சப்படும் ஒன்றும் உண்டு. மாதவிலக்குக்கு முந்தைய இரண்டு வாரங்களில், முட்டை வெளியான இடத்தில் ஒரு சிறு கட்டி இருக்கும். உடலுறவின்போது சில சமயம் அது உடைந்து ரத்தம் கசியும். பெரும்பாலும் தானே நின்றுவிடும், சிலருக்கு நிற்காது. இதய வால்வு ஆபரேஷன் செய்துகொண்டு, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து அதிகம். இதில் யார் மேலும் குற்றமில்லை. டாக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

ரத்தம் வயிற்றுக்குள்ளேயே தேங்குவதால் வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் இருக்கலாம். அடிவயிற்று வலி கூடிக்கொண்டே போவது, வயிறு உப்புவது, எழுந்தால் கண் இருட்டுவது, முகம் வெளுப்பது, சில்லென்று வியர்ப்பது, நாடி வேகமாக ஓடுவது – இவற்றில் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது. தோள்பட்டையிலும் வலி வரலாம். தேங்கிய ரத்தம் உதரவிதானத்தை உறுத்துவதே காரணம். "வாயு பிடிச்சிருக்கு" என்று எண்ணெய் தேய்த்து வயிற்றை நீவாதீர்கள். கஷாயமோ, சோடாவோ, காபியோ வேண்டாம். ஆபரேஷன் தேவைப்பட்டால் வெறும் வயிறுதான் நல்லது. படுக்க வைத்து 108-க்குச் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரியில் கர்ப்பச் சோதனையும் செய்வார்கள். கருக்குழாயில் கரு தங்கி வெடித்தாலும் இதே அறிகுறிகள்தான் என்பதால், "நான்தான் விபத்துன்னு சொன்னேனே" என்று கோபிக்க வேண்டாம். ரத்தக் கசிவு குறைவாக, நாடி சீராக இருந்தால் ஸ்கேன் எடுத்துக் கவனித்தே குணமாக்கலாம். இல்லாவிட்டால் ரத்தம் ஏற்றி, ஆபரேஷன் செய்து, கிழிந்த இடத்தைத் தைத்துச் சினைப்பையைக் காப்பாற்றப் பார்ப்பார்கள்.

போலீஸ் கேஸ் ஆகுமே என்று தயங்குகிறவர்கள் உண்டு. முதலில் சிகிச்சை, பிறகுதான் மற்றது என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சாலை விபத்து என்றால், 2021-ல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

கணவன் உதைத்ததைக் "கிணத்தடியில வழுக்கிட்டேன்" என்று சொல்லும் பெண்களும் வருகிறார்கள். கணவன்மாரே, உங்கள் மானத்துக்காக அவள் சொல்லும் அந்தப் பொய்யால் டாக்டர் தேட வேண்டிய காயத்தைத் தேடாமல் விடக்கூடும். தாய்மார்களே, டாக்டரிடம் தனியாகவாவது சொல்லுங்கள். 181 என்ற எண்ணிலும் உதவி கிடைக்கும்.

சினைப்பையைக் காப்பாற்ற முடியாமல் ஒன்றை எடுத்துவிட்டால்? 1809-ல் அமெரிக்காவில் ஜேன் கிராஃபோர்ட் என்ற பெண், சினைப்பையில் பெருங்கட்டியோடு 60 மைல் குதிரையில் போய், மயக்க மருந்தே இல்லாத அந்நாளில் ஆபரேஷன் செய்துகொண்டார். சேணத்தில் இடித்து அவர் வயிறு கன்றிப்போயிருந்ததாம். அதன்பின் 32 ஆண்டுகள் வாழ்ந்தார். மீதமுள்ள ஒன்று நன்றாக இருந்தால் மாதவிலக்கும் வரும், கர்ப்பமும் தரிக்கும். "அரைப் பொம்பளை" என்று மாமியார் வீட்டில் பேசுவது அறியாமை. இரண்டையும் எடுக்க நேர்ந்தால்தான் மாதவிலக்கு நிற்கும். அதற்கு மாத்திரைச் சிகிச்சை உண்டு.

குடும்ப நல ஆபரேஷனில் சினைப்பையை எடுத்துவிடுவார்களா என்று கூட்டங்களில் கேட்கிறார்கள். எடுப்பதில்லை. கருக்குழாயை மட்டும்தான் அடைக்கிறார்கள். சினைப்பை இருந்த இடத்தில் இருந்தபடியே வேலை செய்யும்.