ஈசல் உணவும் அதில் அடங்கிய தாவரப் பொருள்களும்

மழை பெய்து ஓய்ந்த மாலையில், உத்திரமேரூர் தாலுகாவின் மேட்டுப் புஞ்சைகளிலும் கரம்புகளிலுமுள்ள புற்றுக்களினின்று ஈசல் புறப்படுவதைக் குடியானவர்கள் நன்கறிவர். இருளர் மக்கள் புற்றின் அருகே விளக்கேற்றி அவற்றைப் பிடித்து, வறுத்து, இறகைப் புடைத்து நீக்கி உண்பது வழக்கம். இவ்வழக்கம் புதிதன்று, ஈயலை மோருடன் கூட்டிச் சமைத்த உணவைப் புறநானூற்றில் கபிலர் குறிப்பிட்டுள்ளார். உலகில் 1,900-க்கு மேற்பட்ட பூச்சியினங்கள் உண்ணப்படுவதாக, ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 2013-ம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

ஈசலில் புரதமும் கொழுப்பும் மிகுதி என்பது பலரும் அறிந்ததே. காய், கனி, தேயிலை ஆகியவற்றிற்குத் துவர்ப்பையும் நிறத்தையும் தரும் பீனால் வகைப் பொருள்கள் உண்ணத்தக்க பூச்சிகளிலும் உள்ளன. கொழுப்பு முதலியவை பிராணவாயுவினால் கெடாதபடி இவை தடுப்பதாக ஆய்வுக்கூடச் சோதனைகளில் காணப்பட்டுள்ளது. ஆயினும் இதனால் ஈசலை நோய்க்கு மருந்தென்று கொள்ளலாகாது.

தாவரப் பொருள் பூச்சியின் உடலில் சேர்வதெவ்வாறு? பட்டுப்புழு இதற்குத் தக்க உதாரணம். மல்பெரி எனப்படும் முசுக்கட்டை இலையிலுள்ள குவெர்செட்டின் என்னும் பொருள், அதைத் தின்னும் புழுவின் உடலில் சிறிது மாறுதலடைந்து, சில ஜாதிப் புழுக்களின் கூட்டிற்கு நிறமளிக்கிறது. இஃதன்றி, மேல்தோலைக் கெட்டிப்படுத்தும் பொருட்டுப் பூச்சிகள் தாமே சில பீனால் பொருள்களை உண்டாக்கிக் கொள்வதுமுண்டு. புற்றிலோ, வேலைக்காரக் கரையான்கள் கொணரும் சருகு, வைக்கோல், உலர்ந்த மரம் ஆகியவற்றின்மேல் வளரும் காளானே முக்கிய உணவாகும். மழைக்குப்பின் முளைக்கும் புற்றுக்காளானும் அதனின்று தோன்றுவதே.

புற்றுக்குள் செல்லும் நன்மை ஈசல் வழியாக உண்பவரை அடைவதுபோலவே, அதில் ஊற்றப்படும் நஞ்சும் அடையக்கூடும். ஆகையால் பின்வருவனவற்றைக் கவனித்தல் அவசியம்:

1. கரையானை அழிக்கக் குளோர்பைரிபாஸ் முதலிய மருந்து ஊற்றிய புற்றின் ஈசலை உண்ணலாகாது. மருந்திட்ட நிலச் சொந்தக்காரர் அதை அருகிலுள்ள இருளர் குடும்பங்களுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். கிராம அதிகாரிகளும் இதைக் கண்காணித்தல் நலம்.

2. பயிருக்கோ ஏரிக்கரைக்கோ கேடு செய்யாத கரம்புப் புற்றுக்களுக்கு மருந்திடுவது வீண் செலவாகும்.

3. இறால், நண்டு ஒவ்வாதவர்களுக்கு ஈசலும் ஒவ்வாதிருக்கலாம்; அவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும்.

4. ஈசலை ஈரம் போக நன்கு வறுத்து, சிக்குவாடை பிடிக்குமுன் உண்ண வேண்டும்.

மருந்துப் புட்டியைத் திறக்குமுன், அப்புற்றின் ஈசல் எவர் வீட்டு உணவென்று குடியானவர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக.