எடை குறைப்பு ஆபரேஷன்: வீட்டுக்கு வந்த பிறகு என்ன நடக்கும்?

2011-ல் நிதின் கட்கரி, 2014-ல் அருண் ஜெட்லி. ரெண்டு பேரும் எடை குறைப்பு ஆபரேஷன் செஞ்சுக்கிட்டது நாடு முழுக்க செய்தியாச்சு. நாம பார்த்தது முன்னாடி ஒரு போட்டோ, பின்னாடி ஒரு போட்டோ. ரெண்டு போட்டோவுக்கும் நடுவுல சில வாரங்கள் இருக்கு. அந்த வாரங்கள்ல ஆபரேஷன் செஞ்சுக்கிட்ட பலரும் "தெரியாம செஞ்சுட்டோமோ"ன்னு ஒரு தடவையாவது நினைப்பாங்க. அதைப் பத்தி யாரும் அதிகமா பேசறதில்லை.

2024 ஏப்ரல்ல இந்த ஆபரேஷனுக்காக சென்னை வந்த புதுச்சேரி இளைஞர் ஒருவர் இறந்துபோனார். அரசு விசாரணைக் குழு அமைச்சது, அந்த மருத்துவமனையோட பதிவு நிறுத்தி வைக்கப்பட்டது. அதுக்கப்புறம் நம்ம பயமெல்லாம் ஆபரேஷன் தியேட்டர் மேலதான். தியேட்டர் முக்கியம்தான், அவசர சிகிச்சை வசதி இருக்கற இடமான்னு பார்த்துத்தான் போகணும். ஆனா சில சிக்கல்கள் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பிறகுதான் தலைகாட்டும். மதுரையில ஆபரேஷன் செஞ்சுட்டு ராமேஸ்வரம் வந்தா, சர்ஜனுக்கும் நமக்கும் நடுவுல சுமார் 170 கி.மீ. இருக்கு. அதனால வீட்ல இருக்கறவங்களுக்கு ஒரு விஷயம் தெளிவா தெரியணும்: எந்தக் கஷ்டத்தைப் பொறுத்துக்கலாம், எதை ஒரு மணி நேரம்கூடப் பொறுக்கக்கூடாது. இந்தக் கட்டுரை அதுக்குத்தான்.

உள்ளே என்ன மாறியிருக்கு?

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். இது தோலுக்கு அடியில இருக்கற கொழுப்பை உறிஞ்சி எடுக்கற லைப்போசக்‌ஷன் கிடையாது. இது இரைப்பையில செய்யற ஆபரேஷன். இப்போ அதிகமா நடக்கறது ஸ்லீவ் முறை. இரைப்பையில சுமார் 75 முதல் 80 சதவீதத்தை நீளவாக்குல வெட்டி எடுத்துட்டு, மிச்சத்தை ஸ்டேப்ளர் போட்டு மூடுவாங்க. ஒரு லிட்டருக்கு மேல விரிஞ்சு கொடுத்த பை, 100-150 மி.லி. பிடிக்கற வாழைப்பழ வடிவக் குழாயா மாறிடும். இன்னொன்னு பைபாஸ். சுமார் 30 மி.லி. அளவுக்கு ஒரு சின்னப் பை செஞ்சு, அதை நேரா சிறுகுடலோட இணைச்சுடுவாங்க. இதோட முதல் வடிவம் 1966-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்துல எட்வர்ட் மேசன் செஞ்சது.

மெக்கானிக்கல் பசங்களுக்கு இது சுலபமா புரியும். ஸ்லீவ் ஒரு குறுகலான குழாய். மேல வால்வு, கீழ வால்வு, பக்கவாட்டுல புதுசா போட்ட நீளத் தையல். கொள்ளளவு குறைஞ்சா, அதே அளவு திரவம் உள்ள போகும்போது அழுத்தம் ஏறும். வீக்கமும் இன்னும் வடியலை. அதான் முதல் வாரத்துல ரெண்டு மடக்கு தண்ணி சேர்ந்தாப்ல குடிச்சாலே நெஞ்சுல கல்லு வச்ச மாதிரி இருக்கும்.

பசியைத் தூண்டுற கிரெலின் ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையோட மேல்பகுதியில சுரக்குது. ஸ்லீவ்ல அந்தப் பகுதியே போயிடுது. அதனால பலருக்கு வயித்துப் பசி இருக்காது. ஆனா வாய்க்கு ஆசை இருக்கும், மீன் குழம்பு வாசம் வந்தா மனசு அலையும். பசி இல்லாமலே சாப்பாட்டுக்கு ஏங்கறது வினோதமான வேதனை. வீட்ல இருக்கறவங்களுக்கு அது புரியாது.

பொறுத்துக்கலாம்: இதெல்லாம் கடந்து போகும்

தோள்பட்டை வலி: லேப்ராஸ்கோப்பி செய்ய வயித்துக்குள்ள கார்பன் டை ஆக்ஸைடு வாயுவை ஊதி இடம் உண்டாக்குவாங்க. மிச்ச வாயு உதரவிதானத்தை உரசினா, அதோட நரம்பு வழியா வலி தோள்ல தெரியும். மெதுவா நடந்துக்கிட்டே இருந்தா ரெண்டு மூணு நாள்ல குறையும்.

குமட்டல், அசதி: ஒரு நாளைக்கு உள்ள போறது சில நூறு கலோரிதான். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். பகல்ல தூங்கித் தூங்கி விழுவாங்க. "சோம்பேறி ஆயிட்டான்"னு சொல்லாதீங்க.

எடை நின்னுபோறது: முதல் பத்து நாள் மடமடன்னு இறங்கின எடை, மூணாவது வாரம் வாக்குல அப்படியே நிக்கும். உடம்புல சேமிச்ச கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கும். முதல்ல அது ரெண்டும் கரைஞ்சு போறதால வேகமா குறையற மாதிரி தெரியும். அப்புறம் வேகம் மட்டுப்படும். ஆபரேஷன் தோத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்லை. வெயிட் மெஷினை வாரம் ஒரு தடவை மட்டும் எடுங்க.

முடி உதிர்றது: மூணாவது மாசத்துல ஆரம்பிச்சு சில மாசம் இருக்கும். பெரும்பாலும் திரும்ப வளரும். புரதமும் இரும்புச்சத்தும் குறையாம பார்த்துக்கணும்.

தண்ணிதான் முதல் வேலை

டாக்டர்கள் பொதுவா ஒரு நாளைக்கு 1.5 லிட்டர் திரவம் கேப்பாங்க. ஒரு தடவைக்கு 30 மி.லி., பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவைன்னு வச்சுக்குங்க. மணிக்கு 180 மி.லி. 1500-ஐ 180-ஆல வகுத்தா 8 மணி 20 நிமிஷம். ஒரு முழு ஷிஃப்ட். தண்ணி குடிக்கறதே அப்போதைக்கு வேலைன்னு எடுத்துக்கணும்.

நம்ம ஊரு வெயிலுக்கு இது இன்னும் முக்கியம். ராமநாதபுரத்துல மே மாசம் சும்மா உக்கார்ந்திருந்தாலே சட்டை நனையும். வேர்வையில போனதை முன்ன மாதிரி ஒரு சொம்பு மோரை மடமடன்னு குடிச்சு ஈடுகட்ட இப்போ முடியாது. மறுநாள் சேர்த்துக் குடிக்கவும் முடியாது. சிறுநீர் அடர் மஞ்சளாப் போனாலோ, எழுந்து நின்னதும் தலை சுத்தினாலோ பின்தங்கிட்டோம்னு அர்த்தம். போன்ல பத்து நிமிஷ அலாரம், ஒரு சின்ன அளவு கப். இது ரெண்டும் போதும். ஸ்ட்ரா வேண்டாம்னு பல டாக்டர்கள் சொல்றாங்க, காத்தும் சேர்ந்து உள்ள போகும்.

நம்ம ஊரு சாப்பாட்டுல என்ன முடியும்?

படிகள் மருத்துவமனைக்கு மருத்துவமனை கொஞ்சம் மாறும். உங்க டாக்டர் கொடுத்த தாள்தான் சட்டம். பொதுவா முதல்ல தெளிவான திரவம், அப்புறம் பால் மாதிரி கெட்டியான திரவம், அதுக்கப்புறம் மசிச்சது, மெத்துன்னு இருக்கறது, கடைசியா சாதாரண சாப்பாடு. இதுக்கெல்லாம் ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும்.

திரவக் கட்டத்துக்கு இளநீர், வடிகட்டின மோர், பருப்புத் தண்ணி. கெட்டித் திரவத்துக்குப் பால், டாக்டர் சொன்ன புரதப் பவுடர். மசிச்ச கட்டம் வந்ததும் நம்ம கடற்கரை கைகொடுக்கும். முள்ளு எடுத்து வேகவச்ச மீனை ரசத்துலயோ பருப்புத் தண்ணியிலயோ மசிச்சுக் கொடுக்கலாம். 100 கிராம் மீன்ல சுமார் 18-20 கிராம் புரதம் இருக்கு. ஒரு நாளைக்கு 60 கிராமாவது வேணும்னு பொதுவா சொல்வாங்க. கீழக்கரைப் பக்கம் வைக்கற நோன்புக் கஞ்சியையும் காரமும் எண்ணெயும் இல்லாம மிக்சியில அடிச்சா இந்தக் கட்டத்துக்குப் பொருந்தும். நம்ம குண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைச்சது பெருமைதான், ஆனா அது இந்த வயித்துக்கு சில வாரம் லீவு கொடுக்கணும்.

பதநீர், தொதல், கருப்பட்டிக் காபி இதெல்லாம் தள்ளி வைங்க. குறிப்பா பைபாஸ் செஞ்சவங்களுக்கு, சர்க்கரை வேகமா குடல்ல இறங்கினா படபடப்பு, வேர்வை, வயித்துப்போக்கு வரும். இதுக்கு டம்பிங்னு பேரு.

சாப்பிடும்போது தண்ணி வேண்டாம். முடிச்சு அரை மணி நேரம் கழிச்சுக் குடிக்கலாம். ஒரு கரண்டி வாயில போட்டா, கரண்டியைக் கீழ வச்சுட்டு நல்லா மெல்லணும். "போதும்"னு அவங்க சொன்னா போதும்தான். "இன்னும் ஒரே ஒரு வாய்"னு நாம அன்பா ஊட்டற அந்த ஒரு வாய்தான் வாந்தியாகும். நலம் விசாரிக்க வர்ற அப்பத்தா, பெரியம்மா எல்லாருக்கும் இதை முன்கூட்டியே சொல்லி வைங்க.

தண்ணிக் குடம் தூக்கறது, வலை இழுக்கறது, பைக் கிக்கர் அடிக்கறது எல்லாம் டாக்டர் சொல்ற வரைக்கும் கூடாது. தண்ணி நிறைஞ்ச ஒரு குடமே 15 கிலோ வரைக்கும் வரும். நேர்த்திக்கடன்னு அக்னி தீர்த்தத்துல முழுக்குப் போடறதும் காயம் நல்லா ஆறின பிறகுதான்.

பொறுக்கவே கூடாது: உடனே போன் பண்ணணும்

தையல் கசிவு: இது அதிகம் வராது. நூறு பேர்ல ஒண்ணு ரெண்டு பேருக்கோ, அதைவிடக் குறைவாவோதான். வந்தா உயிருக்கே ஆபத்து. சும்மா படுத்திருக்கும்போதே நாடித்துடிப்பு 120 பக்கம் போறது, காய்ச்சல், கூடிக்கிட்டே போற வயித்து வலி, திடீர்னு புதுசா வர்ற இடது தோள் வலி, மூச்சுத் திணறல். சில சமயம் காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடியே நாடித்துடிப்பு ஏறிடும். வீட்ல ஒருத்தருக்காவது நாடி பிடிச்சு எண்ணத் தெரியணும்.

ரத்தக்கட்டி: ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சாலோ, திடீர்னு நெஞ்சு வலியும் மூச்சுத் திணறலும் வந்தாலோ. மதுரையிலிருந்து கார்ல திரும்பும்போது ஒரே மூச்சா வராதீங்க. மானாமதுரை, பரமக்குடின்னு நிறுத்தி அஞ்சு நிமிஷம் நடக்க விடுங்க.

ரத்தம்: வாந்தியில ரத்தம் வந்தாலோ, மலம் தார் மாதிரி கறுப்பாப் போனாலோ.

நிக்காத வாந்தி: ஒரு நாள் முழுக்கத் தண்ணிகூட உள்ள நிக்கலைன்னா. இதைத் தனியா சொல்லணும்.

பக்கத்துக் கிளினிக்குல சொல்ல வேண்டிய மூணு விஷயம்

வாந்தி எடுத்தா நம்ம ஊர்ல என்ன செய்வோம்? பக்கத்துக் கிளினிக் போய் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திட்டு வருவோம். இங்கதான் கவனம் வேணும். உடம்புல தயமின், அதாவது வைட்டமின் பி1, சேமிப்பு ரெண்டு மூணு வாரத்துக்குத்தான் தாங்கும். வாரக்கணக்குல சரியா சாப்பிடாம, வாந்தியும் எடுத்தவங்களுக்கு அது தீர்ந்துபோயிருக்கும். குளுக்கோஸைப் பயன்படுத்த உடம்புக்குத் தயமின் வேணும். அது இல்லாதப்போ வெறும் குளுக்கோஸ் ஏத்தினா மூளை பாதிப்பு தீவிரமாகலாம். கண் ரெட்டையாத் தெரியறது, நடை தள்ளாடறது, பேச்சுல குழப்பம் இதெல்லாம் அதோட அடையாளம். அதனால உள்ள நுழைஞ்சதும் சொல்லுங்க: "எடை குறைப்பு ஆபரேஷன் ஆகி இத்தனை வாரம் ஆச்சு. இத்தனை நாளா வாந்தி. குளுக்கோஸுக்கு முன்னாடி தயமின் கொடுக்கணுமான்னு பாருங்க டாக்டர்."

ரெண்டாவது, வலி ஊசி. டைக்லோஃபினாக், இப்யூபுரோஃபென் வகை மருந்துகள் புண் உண்டாக்கலாம், குறிப்பா பைபாஸ் ஆனவங்களுக்கு. சர்ஜனைக் கேக்காம வேண்டாம்.

மூணாவது, பழைய மாத்திரைகள். ஆபரேஷன் ஆன சில நாள்லயே சர்க்கரை அளவு இறங்க ஆரம்பிக்கலாம். பழைய அளவுலயே இன்சுலினோ மாத்திரையோ போட்டா சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துடும். பிரஷர் மாத்திரையும் அப்படித்தான். அளவை மாத்தறது டாக்டர் வேலை, கேக்க வேண்டியது நம்ம வேலை. வைட்டமின், பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகளை மட்டும் நல்லாயிட்டோம்னு நிறுத்தக்கூடாது. அது காலம் முழுக்கத் தொடரும்.

மனசு

சந்தோஷமோ துக்கமோ, நமக்கு எல்லாமே சாப்பாட்டோடதான். பிரியாணி இல்லாத கல்யாணத்துல போய் யார் உக்காருவாங்க? அந்தத் துணை ஒரே நாள்ல காணாமப் போகுது. உடம்பு அசதி, தூக்கம் கெட்டுப்போகுது, ஹார்மோன் மாறுது. காரணமில்லாம அழுகை வரும், எரிச்சல் வரும், "ஏன்டா செஞ்சோம்"னு தோணும். பெரும்பாலானவங்களுக்கு சாப்பாடு மெத்துன்னு ஆகற கட்டத்துக்கு வரும்போது இது தணியும்.

தணியலைன்னா சும்மா விடக்கூடாது. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு தன்னைத்தானே காயப்படுத்திக்கற அபாயம் கூடுதுன்னு பல ஆய்வுகள் காட்டியிருக்கு. யாராவது "இருந்து என்ன பிரயோஜனம்"னு சொன்னா அதைக் காதுல வாங்குங்க, பக்கத்துலயே இருங்க, டாக்டர்கிட்ட சொல்லுங்க. 14416-க்கு எந்த நேரமும் தமிழ்லயே பேசலாம். சாப்பாடு இல்லாத துணைகளையும் பழக்கணும். சாயங்காலம் கடற்கரையோரம் மெதுவா ஒரு நடை, ஒரு கேரம் ஆட்டம், சும்மா ஒரு பேச்சு.

மாணவர்கள் நாம என்ன செய்யலாம்?

வீட்ல யாருக்காவது இந்த ஆபரேஷன் முடிவாகியிருந்தா, தேதிக்கு முன்னாடியே ஒரு தாள் தயார் பண்ணுங்க. ஆபரேஷன் பேரு, தேதி, சர்ஜனோட எமர்ஜென்சி நம்பர், இப்போ எடுக்கற மருந்துகள், ராத்திரி 2 மணிக்குப் பிரச்சினை வந்தா முதல்ல எங்க போறது, யார் வண்டி. 108-ல கூப்பிட்டா அருகில எங்க கொண்டுபோவாங்கன்னும் கேட்டு எழுதிக்குங்க. ராமநாதபுரத்துல 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. அங்க முதல்ல நிலைப்படுத்திட்டு மதுரைக்கு அனுப்பற மாதிரி அமையுமான்னு சர்ஜன்கிட்டயே முன்கூட்டிக் கேட்டுடுங்க. முதல் ரெண்டு வாரமாவது மதுரையிலயே சொந்தக்காரங்க வீட்ல தங்க முடியுமான்னும் பாருங்க.

அந்தத் தாளை ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டுங்க, ஒரு போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸப் குரூப்ல போடுங்க. பத்து நிமிஷ அலாரம் அடிக்கும்போது அந்தச் சின்னக் கப்பை எடுத்து நீட்டற ஆளா இருங்க.