ஆளை நிறுத்தி எடுத்தால் பொய்ப் படமா?

தவணை முடியப்போகிறது. குழுச் செயற்றிட்டமாக ‘சினிமா மாதிரி’ ஒரே ஒரு நிழற்படம் ஒப்படைக்க வேண்டிய மாணவர்களும், அவர்களைவிடப் பதறும் பெற்றோரும் எழுதிய கடிதங்கள் மேசையில் கிடக்கின்றன. பலரும் கேட்பது ஒன்றுதான்: ஆளை நிறுத்தி எடுத்தால் அது பொய்யில்லையா?

பொய்யென்றால், நம் மலைக்கு அது பழைய பொய். காவியக் காட்சிகளுக்கு வேடமிட்டு ஆட்களை நிறுத்திப் படமெடுத்த ஜூலியா மார்கரெட் கேமரன் 1875இல் இலங்கைக்கு வந்தார், 1879இல் டிக்கோயா பள்ளத்தாக்கில் இறந்தார், கல்லறை பொகவந்தலாவையில். இங்கே தோட்டத் தொழிலாளரையும் அவர் படமெடுத்தார். எடுத்தவர் பெயர் நிற்கிறது, நின்றவர்கள் பெயரைக் காணோம். சுற்றுலாப் பிரசுரங்களில் புதுச்சேலையோடு சிரிக்கும் கொழுந்துக்காரியை ‘மலையக வாழ்வு’ என்கிறார்கள். அட்டை பிடுங்கும் மலையில் அப்படி யார் சிரிப்பது?

சினிமாத்தனம் எங்கிருந்து வருகிறது? கேமராவின் விலையிலிருந்து அல்ல. அந்தி வானமும் லயத்து வாசல் விளக்கும் ஒரே அளவு வெளிச்சமாகத் தெரிவது சில நிமிடங்கள்தான். மலையடிவாரத்து நல்லதண்ணியில் பொழுது சாய்ந்தால் இருபது நிமிடத்தில் இருட்டு. அதற்குள் நான்கு பேரைச் சரியாக நிறுத்த முடியாது. ஆகவே கேமராவை ஸ்டாண்டில் பூட்டி, போக்கஸையும் வெளிச்ச அளவையும் கையால் வைத்து, வானத்தை அதன் நேரத்தில் ஒரு படம். பிறகு அசையாத அதே கேமராவில் ஆட்களை ஒவ்வொருவராக. கடைசியில் கணினியில் ஒட்டு. ஒட்டும் புதிதல்ல: நிழற்படக்காரர் ரெய்லாண்டர் 1857இல் முப்பதுக்கும் மேற்பட்ட நெகடிவ்களைச் சேர்த்து ஒரே படமாக்கினார். இன்று நிழற்படக்காரர் கிரெகரி க்ரூட்சன் சினிமாக் குழுவையே வைத்து எடுத்து, பல படங்களை ஒன்றாக்குகிறார்.

கெட்டிக்காரத்தனம்தான். எனக்கு உறுத்துவதும் இதுவே. மூன்றாவது படத்து அம்மாவையும் ஒன்பதாவது படத்து மகனையும் சேர்த்தால், ஒருவரையொருவர் பார்க்காத இருவர் கண்ணீரோடு பார்த்துக்கொள்வார்கள். நடிகர் இருவருக்கு இது சரி. வேலை விட்டு வந்த ஒரு தொழிலாளிக்கு, தான் காட்டாத உணர்ச்சியை ஒட்டலாமா?

இன்னொன்று: மூடுபனி யாருக்காகவும் நிற்காது, ஒட்டிய விளிம்பு அங்கேதான் பல்லிளிக்கும். அந்தியில் கூடையோடு கொழுந்து பறிப்பவரையும் வைக்காதீர்கள். கொழுந்து நிறுத்து ஆட்கள் வீடு போய்ச் சேர்ந்த நேரம் அது. தோட்டத்துப் பிள்ளையே சிரிக்கும்.

கடிதங்களில் உள்ள மற்றக் கேள்விகளுக்கு வருவோம். போன் போதுமா? போதும்; ஸ்டாண்ட் இல்லாமல் முடியாது.

யாருக்கு என்ன வேலை? இயக்கம், ஒளி, உடை, கேமரா. இயக்க ஒருவர் மட்டும்.

தோட்டத்துக்குள் எடுக்கலாமா? முன்கூட்டியே நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

சிவனொளிபாதமலைப் படிப்பாதையில்? டிசம்பரிலிருந்து மே வரை யாத்திரைக் காலம், வழியை மறிக்காதீர்கள்.

நிறுத்தி எடுத்ததாகச் சொல்ல வேண்டுமா? ஆம், படத்தின் கீழேயே.

ஒப்படைக்கும் முன் அதில் நின்றவருக்குப் படத்தைக் காட்டுங்கள். அவர் வேண்டாமென்றால் வேறு படம் எடுங்கள்; சரியென்றால், அவர் விரும்பினால், பெயரையும் போடுங்கள்.