கல்லிடுக்குப் பூண்டும் தேசாசாரமும்

கல்லாலும் தாராலும் ஸிமெண்டாலும் எவ்வளவு கெட்டியாகத் தளம் போட்டாலும், ஒரு மழைக்காலம் கழிவதற்குள், கல்லும் கல்லும் சேருமிடத்திலே பச்சையாக ஏதோ ஒன்று தலை நீட்டிவிடுகிறது. அதைப் பிடுங்குவது யாருடைய கடமை, எதைக் கொண்டு ஒழிக்கலாம், ஒழிக்கத்தான் வேண்டுமா என்னும் கேள்விகளுக்கு ஒவ்வொரு தேசமும் ஒவ்வொரு விதமாக விடை கண்டிருக்கிறது. ஆனால், மனிதர் தெருவை நடத்தும் விதத்துக்கு ஏற்பச் செடியும் தன் சுபாவத்தை மாற்றிக்கொள்கிறது என்பதே இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் ரஸமாகப் படுகிறது.

நடைபாதைக் கற்களுக்கு அடியில் பரப்பிய மணலும், காற்றில் வந்து படிந்த தூசியும், உதிர்ந்த சருகின் மக்கும் சேர்ந்து, விரற்கடை அகலங்கூட இல்லாத ஒரு வயலை அந்த இடுக்கில் உண்டாக்கிவிடுகின்றன. கல்லின்மேல் பெய்த மழைநீருக்கு அந்த இடுக்கை விட்டால் உள்ளே இறங்க வழியில்லை. இறங்கிய ஈரத்தைக் கல்லே மூடிக் காப்பாற்றுகிறது. அக்கம்பக்கத்தில் நிழல் தட்டவும், தண்ணீரில் பங்கு கேட்கவும் வேறு செடியும் கிடையாது. ஆகவே, நம் கண்ணுக்குச் சிறைவாசமாகத் தோன்றுவது அந்தச் செடிக்கு அவ்வளவு மோசமான வாழ்க்கையன்று. மிதிபடுவது ஒன்றே பெரிய கஷ்டம். அதற்கும் தரையோடு தரையாகப் படருவது, நார் ஏறிய தண்டை வளர்த்துக்கொள்வது, மிதிக்கும் செருப்பின் சேற்றிலேயே விதையை ஒட்டி அடுத்த தெருவுக்கு அனுப்பிவிடுவது என்று பூண்டுகள் உபாயம் கண்டுவிட்டன. அருகம்புல்லையும் அம்மான் பச்சரிசியையும் வாசலில் பார்த்தவர்களுக்கு இதை விஸ்தரிக்க வேண்டியதில்லை.

ஜெர்மனியில் வீட்டுக்கு எதிரிலுள்ள நடைபாதையைச் சுத்தமாக வைத்திருக்கும் பொறுப்பைப் பல நகரசபைகள் வீட்டுக்காரர் தலையிலேயே சுமத்தியிருக்கின்றன. ஸ்டுட்கார்ட்டைச் சுற்றிய ஷ்வாபியப் பிரதேசத்தில் இது ‘கேர்வோகெ’, அதாவது கூட்டும் வாரம், என்று ஓர் ஆசாரமாகவே வேரூன்றிவிட்டது: ஒரே கட்டடத்தில் குடியிருப்பவர்கள் முறைவைத்துக்கொண்டு படிக்கட்டையும் வாசலையும் கூட்டுவார்கள், இந்த வாரம் யார் முறை என்பதைக் காட்டும் சிறு பலகை கதவுக்குக் கதவு மாறிக்கொண்டிருக்கும். இதில் ஒரு விசித்திரம் உண்டு. தெருவில் களை இருக்கக்கூடாது என்று எதிர்பார்க்கும் அதே தேசத்தின் சட்டம், தளம் போட்ட தரையில் களைக்கொல்லி தெளிக்கவும் தடை விதித்திருக்கிறது. வயல் மண்ணில் விழுந்த மருந்தை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் மெல்ல மெல்லச் சிதைத்துவிடக்கூடும். கல்தளத்தில் விழுந்ததையோ அடுத்த மழை நேராகச் சாக்கடைக்கும் ஆற்றுக்கும் அடித்துக்கொண்டு போய்விடும். வினிகரும் உப்பும் கலந்து ஊற்றும் கைவைத்தியத்தையும் அதிகாரிகள் அனுமதிப்பதில்லை. ஆகவே, முழங்காலிட்டு, வளைந்த கத்தியால் இடுக்கு இடுக்காகச் சுரண்டுவதே அங்குள்ள கிருஹஸ்தருக்கு விதிக்கப்பட்ட வழி.

பிரான்ஸ் தேசம் வேறு பாதையில் போயிற்று. ஸெனட்டர் ழோயல் லாபே பெயரால் வழங்கும் 2014-ஆம் வருஷத்துச் சட்டம், 2017 முதல் நகரசபைகள் தெருவிலும் பூங்காவிலும் ரஸாயன மருந்து தெளிப்பதையும், 2019 முதல் தோட்டக்காரர்களுக்கு அம்மருந்துகளை விற்பதையும் நிறுத்திவிட்டது. ஆளை வைத்துப் பிடுங்குவதென்றால் செலவு அதிகம். எனவே தெருக்கள் பச்சையாயின. ‘ஊர் பாழாகிவிட்டது’ என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. தூலூஸ் முதலிய நகரங்களிலோ தாவர சாஸ்திரம் அறிந்தவர்கள் நடைபாதையில் குனிந்து, ஒவ்வொரு செடிக்கும் பக்கத்தில் அதன் பெயரைச் சாக்கட்டியால் எழுதி வைத்தார்கள். பெயர் தெரிந்த பிறகு ஒன்றைப் பிடுங்குவதற்குக் கை கொஞ்சம் தயங்கத்தான் செய்யும்.

அதே தேசத்தின் மோன்பெலியே நகரில், தெரு மரங்களின் அடியில் விட்ட சிறு சதுர மண்ணில், கிரெபிஸ் ஸாங்க்டா என்னும் மஞ்சள் பூச்செடி ஒன்று முளைக்கிறது. அதன் ஒரே பூக்கொத்தில் இரண்டு ஜாதி விதைகள் இருக்கின்றன. எருக்கம் விதைபோலப் பஞ்சு கட்டிக் காற்றில் பறப்பது ஒன்று. பஞ்சில்லாமல் கனமாகத் தாயின் காலடியிலேயே விழுவது மற்றொன்று. பரந்த வெளியில் பறப்பது லாபம். நகரத்திலோ, சதுரத்தைத் தாண்டிப் பறந்த விதை ஸிமெண்டில் விழுந்து வீணாகிறது. தான் பிறந்த சதுரத்திலேயே தங்கும் வாய்ப்பு, கனத்த விதையைவிடப் பறக்கும் விதைக்கு 55 சதவிகிதம் குறைவு. இந்தச் செடியை ஆராய்ந்த ஷெப்து என்பவரும் அவருடைய சகாக்களும் நகரத்து விதையையும் நாட்டுப்புறத்து விதையையும் ஒரே இடத்தில், ஒரே விதமாக வளர்த்துப் பார்த்தபோது, நகரத்துச் செடிகள் கனத்த விதைகளை அதிக விகிதத்தில் ஈன்றன. இந்த மாறுதலுக்குச் சுமார் 5 முதல் 12 தலைமுறைகளே பிடித்திருக்க வேண்டும் என்று 2008-இல் வெளியிட்டார்கள். வருஷத்துக்கு ஒரு தலைமுறை காணும் செடி அது. ஆகவே, நகரசபை மரம் நட்டுச் சதுரம் விட்ட சில வருஷங்களுக்குள் ஒரு ஜீவன் பறப்பதைக் குறைத்துக்கொண்டுவிட்டது.

சாலை வழக்கம் என்றதும் இடப்பக்கமா வலப்பக்கமா என்பதுதான் நமக்கு நினைவு வரும். பூண்டுக்கு அது ஒரு பொருட்டன்று. பனி உறையாமலிருக்கச் சாலையில் உப்புத் தூவுவது போன்ற வழக்கந்தான் அதற்கு முக்கியம். பிரிட்டனில் கடற்கரையில் மட்டும் வாழ்ந்துவந்த கொக்லியாரியா டானிகா என்னும் குட்டிச் செடி, உப்பு ஊறிய நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டைப் பற்றிக்கொண்டு, சில பத்து வருஷங்களில் உள்நாடு முழுவதும் பரவிவிட்டது.

ஜப்பானில் நடந்த ஆராய்ச்சி நமக்கு இன்னும் அந்தரங்கமானது, ஏனெனில் அதன் கதாநாயகன் நம் புளியாரை. டோக்கியோவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வயலோரப் புளியாரையின் இலை பச்சையாகவும், தளம் போட்ட தெருவோரத்துப் புளியாரையின் இலை பெரும்பாலும் செம்மையாகவும் இருந்தன. வெயிலில் வாடியதால் வந்த நிறமோ என்றால் அதுவன்று. விதையோடு வரும் குணம். கல்லும் தாரும் கக்கும் வெப்பத்தில் சிவப்புச் செடி செழித்தது. குளிர்ந்த நிலையில் பச்சை முந்திக்கொண்டது. இலையின் சிவப்புச் சாயம் மிஞ்சிய வெளிச்சத்துக்குத் திரைபோட்டு, வெப்பத்தில் தளரும் செடியைக் காக்கிறதென்று 2023-இல் வெளிவந்த அந்த ஆராய்ச்சி விளக்குகிறது. உலகத்தின் பல பாகங்களிலும் பொதுஜனங்கள் எடுத்த படங்களைச் சேர்த்துப் பார்த்தபோதும், நகரப்புறங்களில் செவ்விலைப் புளியாரையே மிகுதியாகத் தென்பட்டது.